அடுத்த வாரம் புது செமஸ்டர், புது செக்‌ஷன்: படிப்பைப் பார்ப்பதா, ஆட்களைப் பிடிப்பதா?

மூன்றாம்பெஞ்ச்:
திங்கள்கிழமை மூன்றாவது செமஸ்டர் தொடங்குகிறது. இந்த முறை செக்‌ஷனைக் கலைத்துப் போட்டுவிட்டார்கள். கூடவே திரிந்த கும்பல் மொத்தமும் வேறு செக்‌ஷன், என் பட்டியலில் முகம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவர்களிடமும் "ஹாய்" தாண்டிப் பேசியதில்லை. ஆறு பாடம், இரண்டு லேப், அதில் ஒரு பாடத்தின் பெயரைச் சொன்னாலே சீனியர்கள் முகம் மாறுகிறது. வீட்டில் "சிநேகிதம் எல்லாம் அப்புறம், முதலில் படி" என்கிறார்கள். தெரிந்த அண்ணன் ஒருவர் "மார்க் தானாக வந்துவிடும், நீ ஆட்களைப் பிடி" என்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருப்பதுபோலத்தான் தெரிகிறது, அதுதான் குழப்பம். முதல் ஒரு மாதம் எதில் நேரத்தைப் போடுவது? சிரிக்காதீர்கள், வகுப்பில் எங்கே போய் உட்காருவது என்பதில்கூட இன்னும் முடிவுக்கு வரவில்லை.

சும்மாவந்தேன்:
பதில் உங்கள் பெயரிலேயே இருக்கிறதே.

ரெக்கார்ட்நோட்டு:
நான் கடைசி வருடம். உன் கேள்வியில் ஒன்று இடிக்கிறது தம்பி. படிப்புக்கு ஒரு நேரம், ஆட்களுக்கு ஒரு நேரம் என்று பிரித்து வைத்துப் பார்க்கிறாய். அப்படிப் பிரித்தால் வாரத்துக்கு எத்தனை நாள் இருந்தாலும் போதாது. என் அனுபவத்தில் கல்லூரியில் நிலைத்த பழக்கம் எல்லாமே எதையாவது சேர்ந்து செய்யும்போது வந்ததுதான். லேபில் ஒருவர் ரீடிங் சொல்ல இன்னொருவர் எழுதும்போது, ரெக்கார்ட் முடிக்க வராண்டாவில் வரிசையாக உட்காரும்போது, ஒரே கணக்கை மூன்று பேர் முறைத்துக்கொண்டு "இந்த மைனஸ் எங்கிருந்து வந்தது" என்று முழிக்கும்போது. "நண்பர்கள் பிடிக்க வேண்டும்" என்று கிளம்பிப்போய் யாரும் நண்பர்களைப் பிடித்ததில்லை.

அதனால் முதல் மாதத்துக்கு ஒரே வேலைதான் சொல்வேன். கூடப் படிக்க இரண்டு பேரைக் கண்டுபிடி. நெருங்கிய நண்பர்களாக இருக்க வேண்டாம், உன்னைவிடக் கெட்டிக்காரர்களாகவும் இருக்க வேண்டாம். சொன்ன நேரத்துக்கு வருகிறவர்களாக இருந்தால் போதும். அந்த இரண்டு பேர் வழியாக மற்ற ஆட்கள் வருவார்கள், மார்க்கும் அதே மேஜையிலிருந்துதான் வரும்.

பழையசீனியர்:
மேலே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் "மார்க் தானாக வந்துவிடும்" என்ற அண்ணனை மட்டும் கொஞ்சம் உட்காரவைத்துக் கணக்குக் காட்ட வேண்டும். ஒரு பாடத்தில் இன்டர்னலுக்கு 40, இறுதித் தேர்வுக்கு 60 என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் கல்லூரியில் எப்படியோ, சிலபஸ் தாளில் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்). மொத்தம் 80 வாங்க ஆசை. இன்டர்னலில் 34 வந்திருந்தால் இறுதித் தேர்வில் 60க்கு 46 போதும், அதாவது சுமார் 77 சதவீதம். நிதானமாகப் படிக்கிற யாருக்கும் எட்டும். இன்டர்னலில் 24தான் என்றால் 60க்கு 56 வேண்டும், 93 சதவீதத்துக்கு மேல். ஒரு கேள்வி காலை வாரினால் கதை முடிந்தது. அந்தப் பத்து மதிப்பெண் எங்கே போனது என்று தேடினால் பெரிதாக எதுவும் இருக்காது, தேதி தவறிப்போன ஒரு அசைன்மென்ட், கையெழுத்து வாங்காத ரெக்கார்ட், "இது சின்ன டெஸ்ட்தானே" என்று விட்ட ஒன்று, அவ்வளவுதான்.

முதல் வாரம் எல்லாப் பாடத்தின் சிலபஸ் தாளும் கைக்கு வந்ததும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து ஆறு பாடத்தின் தேதிகளையும் ஒரே காலண்டரில் ஏற்றுங்கள். தேதிக்குப் பக்கத்தில் அதற்கு எத்தனை மதிப்பெண் என்றும் எழுதுங்கள். பாடம் பாடமாகப் பார்த்தால் எல்லாம் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். ஒரே தாளில் ஏற்றினால்தான் செமஸ்டர் நடுவில் ஒரு வாரத்தில் மூன்று டெஸ்ட், ஒரு ரிப்போர்ட், ஒரு வைவா மோதிக்கொள்வது கண்ணில் படும். எல்லாச் செமஸ்டரிலும் அப்படி ஒரு வாரம் உண்டு.

எண்கணக்கு:
எங்கே உட்காருவது என்ற கேள்வியை யாரும் பொருட்படுத்தவில்லை, எனக்கு அதுதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வியாகப் படுகிறது. ஜெர்மனியில் முதலாண்டு உளவியல் மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2008ல் வெளியானது. முதல் அறிமுகக் கூட்டத்தில் யார் எந்த நாற்காலி என்பதைக் குலுக்கல்போலத் தீர்மானித்தார்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்டால், அன்று பக்கத்து நாற்காலியில் இருந்தவர்களும் அதே வரிசையில் இருந்தவர்களும் மற்றவர்களைவிட அதிகம் பழகியிருந்தார்கள். குணம் ஒத்துப்போகிறதா, ஊர் ஒன்றா என்பதெல்லாம் அப்புறம். அதற்கும் முன்னால், 1950ல் வெளியான ஆய்வுக்காக ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரி மாணவர் குடியிருப்பில் பார்த்தபோது, அடுத்த கதவு வீட்டுக்காரரை நெருங்கியவராகச் சொன்னவர்கள் 41 சதவீதம், அதே தளத்தின் மறுகோடியில் இருந்தவரைச் சொன்னவர்கள் 10 சதவீதம். நடுவில் நாலு கதவுகூட இருக்காது.

ஆகவே முதல் வாரம் உட்காரும் இடத்தைச் சும்மா விடாதீர்கள். எனக்குத் தெரிந்து இரண்டாவது மூன்றாவது வாரத்துக்குள் எல்லாரும் தங்கள் இடத்தில் உறைந்துவிடுவார்கள், யாரும் ஒதுக்கித் தந்த இடம் இல்லை என்றாலும். அதற்குள் இரண்டு மூன்று இடம் மாறிப் பாருங்கள்.

அமைதிப்பேர்வழி:
இதெல்லாம் பேசுகிறவர்களுக்குச் சரி. என்னைப்போல வாய் திறக்க ஆயிரம் தடவை யோசிக்கிறவர்கள் நாற்காலி மாறினால் மட்டும் என்ன? பக்கத்தில் இருப்பவர் போனைப் பார்ப்பார், நான் நோட்டைப் பார்ப்பேன், மணி அடிக்கும். அப்படியே பேசிவிட்டாலும் ராத்திரி படுக்கும்போது "ஏன் அப்படி உளறினோம்" என்று அதே ஓடிக்கொண்டிருக்கும்.

எண்கணக்கு:
ராத்திரி ஓடும் அந்தப் படத்துக்கு ஆய்வே இருக்கிறது. 2018ல் வெளியானது, அறிமுகமில்லாத இரண்டு பேரைப் பேசவைத்துவிட்டு ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டார்கள்: எதிராளியை உனக்கு எவ்வளவு பிடித்தது, அவருக்கு உன்னை எவ்வளவு பிடித்திருக்கும்? தன்னை அவருக்கு எவ்வளவு பிடித்திருக்கும் என்று ஒவ்வொருவரும் போட்ட கணக்கு, உண்மையைவிடக் குறைவாகவே இருந்தது. ஒரே கல்லூரி விடுதி அறையைப் பகிர்ந்த மாணவர்களிடம் பார்த்தபோது இந்த இடைவெளி மாதக்கணக்கில் நீடித்தது. நீங்கள் உளறியதாக நினைக்கிற நேரத்தில் எதிரில் இருந்தவர் தான் உளறியதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருப்பார்.

ரெக்கார்ட்நோட்டு:
அமைதிப்பேர்வழிக்கு ஒன்று. நானும் பெரிதாகப் பேசுகிற ஆள் இல்லை. கும்பலில் நுழைவது எனக்கு இன்றுவரை வராது, அதனால் கும்பலை விட்டுவிட்டேன். வகுப்பு தொடங்கப் பத்து நிமிடம் முன்னால் போனால் அறையில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள், அவர்களும் தனித்தனியாக, பேச ஆளில்லாமல். அங்கே ஒரு கேள்வி கேட்டால் போதும், அதுவும் பாடத்தைப் பற்றி இருந்தால் கூச்சமே இல்லை. "நேற்றைய கடைசிப் படி உனக்குப் புரிந்ததா, நான் அங்கே விட்டுவிட்டேன்" மாதிரி. "எந்த ஊர், வீட்டில் எத்தனை பேர்" என்று ஆரம்பித்தால் ஒற்றைச் சொல்லில் பதில் வரும், பேச்சு செத்துப்போகும். பாடத்தைக் கேட்டால் அவர் நோட்டைத் திறந்து காட்டுவார், பேச ஒரு பொருள் கிடைத்துவிடும். மறுநாள் பெயர் சொல்லிக் கூப்பிடு. பெயரை ஞாபகம் வைத்துக்கொள்வதை யாரும் சாமர்த்தியமாக நினைப்பதில்லை, ஆனால் புது செக்‌ஷனில் அதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு.

சும்மாவந்தேன்:
என் பக்கத்தில் இருந்தவனின் பெயரை மூன்று மாதம் தப்பாகக் கூப்பிட்டேன், அவனும் திருத்தவில்லை. இப்போது அதுதான் அவன் பட்டப்பெயர்.

மூன்றாம்பெஞ்ச்:
நன்றி எல்லாருக்கும். அக்கா சொன்ன "கூடப் படிக்க இரண்டு பேர்" யோசனை பிடித்திருக்கிறது, ஆனால் பார்த்தவரை குரூப் ஸ்டடி என்றால் முதல் கால் மணி பாடம், அப்புறம் ஊர்க்கதை, கடைசியில் யாரோ ரீல்ஸ் காட்டுவார்கள். உண்மையில் எப்படி நடத்துவது?

ரெக்கார்ட்நோட்டு:
சேர்ந்து உட்கார்ந்து படிக்காதே, அதுதான் ரகசியம். படிப்பதைத் தனியாகப் படித்துவிட்டு வர வேண்டும். சேர்ந்து உட்காருவது கேள்வி கேட்க மட்டும்.

நாங்கள் செய்தது இதுதான்: வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள், கடைசி வகுப்பு முடிந்ததும், ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் நீட்டுவதில்லை. ஆளுக்கொரு தலைப்பு. அந்தத் தலைப்புக்காரர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, போர்டு இருந்தால் போர்டில், இல்லையென்றால் வெற்றுத்தாளில், மற்ற இரண்டு பேருக்கும் முதலிலிருந்து விளக்க வேண்டும். "அது அப்படித்தான் வரும்" என்று சொன்னால் உடனே நிறுத்தி "ஏன்?" என்று கேட்போம். எங்கே திக்குகிறதோ அந்த இடத்தை நோட்டில் வட்டம் போடுவோம். திக்குகிற இடம் ஆச்சரியமாக எப்போதும் நமக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்த இடமாகத்தான் இருக்கும். கடைசியில் வட்டம் போட்டதில் எதை யார் ஆசிரியரிடம் கேட்பது என்று பிரித்துக்கொள்வோம். ஊர்க்கதை அதற்கு அப்புறம், தாராளமாக.

மூன்று பேருக்கு மேல் சேர்க்காதே, ஐந்து பேரானால் இரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

எண்கணக்கு:
அக்கா சொல்வதற்குப் பின்னால் இருப்பது இதுதான், சுருக்கமாகச் சொல்கிறேன் (சொல்லப்போனால் எனக்குச் சுருக்கமாக வராது). 2006ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு பேர் கல்லூரி மாணவர்களுக்குச் சிறு கட்டுரைகள் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். ஒரு முறை அதைத் திரும்பப் படிக்கவும், இன்னொரு முறை கட்டுரையை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதவும் வைத்தார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டால் திரும்பப் படித்தபோதுதான் அதிகம் நினைவிருந்தது, 81 சதவீதம்; நினைவிலிருந்து எழுதியதில் 75. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: திரும்பப் படித்ததில் 42 சதவீதம், நினைவிலிருந்து எழுதியதில் 56.

இதில் விஷயம் அந்த முதல் ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. திரும்பத் திரும்பப் படித்தால் அப்போதைக்கு எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும், அந்தத் தெம்பில் புத்தகத்தை மூடிவிடுவோம். தேர்வு வாரக்கணக்கு கழித்து வருகிறது. 2013ல் டன்லாஸ்கி குழுவினர் பத்துப் படிக்கும் முறைகளை எடுத்து அதுவரை வந்த ஆய்வுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உயர்ந்த பயன் என்று மதிப்பிட்டது இரண்டைத்தான்: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, படிப்பை நாட்களில் பரப்பிப் போடுவது. ஹைலைட்டர் அடிப்பதும் திரும்பப் படிப்பதும் கடைசி வரிசையில். நாம் எல்லாரும் செய்வது அந்தக் கடைசி இரண்டைத்தான், மஞ்சள் கோடு போட்டால் மனதுக்கு ஒரு திருப்தி.

பழையசீனியர்:
கட்டுரை படிப்பது வேறு, கணக்குப் பாடம் வேறு. நினைவிலிருந்து எழுதினால் தியரி வரும், ப்ராப்ளம் வராது. ஆய்வு என்று ஒன்றைச் சொன்னால் எல்லாத்துக்கும் பொருந்திவிடுமா?

எண்கணக்கு:
நியாயமான கேள்வி சார். கணக்குக்குத் தனியாகவே பார்த்திருக்கிறார்கள். 2007ல் ரோரர், டெய்லர் இரண்டு பேரும் கல்லூரி மாணவர்களுக்கு வெவ்வேறு கன உருவங்களின் கொள்ளளவு கண்டுபிடிக்கும் கணக்குகள் கொடுத்தார்கள். ஒரு குழு ஒரு வகைக் கணக்கை முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போனது, நம் புத்தகங்களில் பயிற்சிக் கணக்கு இருப்பதைப்போல. இன்னொரு குழுவுக்கு எல்லா வகையும் கலந்து வந்தது. பயிற்சியின்போது வகைவாரியாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வில் வகைவாரிக் குழு 20, கலந்த குழு 63. காரணம் எளிது. ஒரே வகையைப் பத்து முறை போட்டால் எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டியதில்லை, கை தானாகப் போகும். தேர்வில் மேலே "இது மூன்றாம் அலகு" என்று எழுதியிருக்காது, எது எந்த வகை என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை.

ஆக ப்ராப்ளம் பாடத்துக்கு: மூன்று அலகு முடிந்ததும் மூன்றிலிருந்தும் கணக்குகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்துப் போடுங்கள். விடை பார்த்துப் புரிந்துகொண்ட கணக்கை அன்றைக்கே "முடித்தது" என்று வைக்காமல், இரண்டு நாள் கழித்து வெற்றுத்தாளில் மறுபடி போட்டுப் பாருங்கள்.

பழையசீனியர்:
சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் காலத்தில் மாதிரி வினாத்தாளை முழுசாகப் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள், அதுவும் இதேதான் போலிருக்கிறது.

வகுப்பறைக்குள்:
நான் கற்பிக்கும் பக்கத்திலிருந்து வருகிறேன், பெயர் கல்லூரி எதுவும் வேண்டாம். இந்த இழையில் ஆசிரியர்களைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை, மாணவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்துவதும் எங்களைத்தான்.

அறுபது பேர் உள்ள வகுப்பில் செமஸ்டர் முடியும்போது எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அதில் பாதிப்பேர் முதல் மதிப்பெண் வாங்குகிறவர்கள் இல்லை, சந்தேகம் கேட்க வந்தவர்கள். பின்னால் பரிந்துரைக் கடிதம், ப்ராஜெக்ட் வழிகாட்டி, ஒரு தேதித் தளர்வு என்று எதற்காவது வரும்போது எனக்கு நினைவுக்கு வருவதும் அவர்கள்தான். பாரபட்சம் ஒன்றும் இல்லை, தெரியாத ஒருவரைப் பற்றி என்ன எழுத முடியும்?

சந்தேகம் கேட்பதில் ஒரு முறை இருக்கிறது. "சார், இரண்டாவது யூனிட் புரியவில்லை" என்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, மறுபடி ஒரு வகுப்பு எடுக்க வேண்டியதுதான். அதுவே நீங்கள் முயன்று பார்த்த தாளோடு வந்து "நாலாவது படி வரை எனக்கு வருகிறது, அதற்குமேல் நான் போட்டால் வேறு விடை வருகிறது" என்று காட்டினால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், உங்களுக்கும் மறக்காது. மின்னஞ்சல் என்றால் தலைப்பு வரியில் பாடம், செக்‌ஷன். உள்ளே முதல் வரியில் பெயர், பதிவு எண். அடுத்த வரியில் ஒரே கேள்வி. "ஹாய் சார் டவுட்" என்று மட்டும் வரும் கடிதங்களைத் திறக்கும்போது நான் என்ன நினைப்பேன் என்று இங்கே எழுத முடியாது.

இன்னொன்று. முதல் டெஸ்டில் தடுமாறியவர்கள் அந்த வாரமே வந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அவர்கள் வருவதோ கடைசி மாதத்தில், அதுவும் அட்டெண்டன்ஸ் குறைந்துவிட்டது என்று நோட்டீஸ் போட்ட பிறகு.

அமைதிப்பேர்வழி:
மேடம்/சார், ஆசிரியர் அறைக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பி வருகிறவர்களும் இருக்கிறோம். உள்ளே நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், எப்படி நுழைவது?

வகுப்பறைக்குள்:
மேடம்தான். அறைக்கு வர வேண்டாம், வகுப்பு முடிந்து நான் கிளம்பும்போது வாசலில் நிறுத்துங்கள். "ஒரு நிமிடம் மேடம், இதைக் காட்டலாமா, இல்லை எப்போது வரட்டும்?" அவ்வளவுதான். நேரம் நான் சொல்வேன். நேரம் சொல்லி வரவைத்த பிறகு உள்ளே நுழைவது எளிது, "வரச் சொன்னீர்களே" என்று தொடங்கலாம். துணைக்கு ஒரு நண்பரை அழைத்து வருவதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டு பேர் வந்தால் இரண்டு பேருக்கும் புரியும்.

சும்மாவந்தேன்:
முதல் முறையாக ஓர் உருப்படியான கேள்வி: இதற்கெல்லாம் நேரம்? காலண்டர், சீட்டுக் குலுக்கல், வாராந்திரக் கூட்டம், ஆசிரியர் தரிசனம். நடுவில் கொஞ்சம் தூங்கவும் வேண்டும்.

எண்கணக்கு:
தூக்கத்தில் கை வைக்காதீர்கள், பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது, படித்தது நினைவில் பதிவதும் தூக்கத்தில்தான். நேரத்தைப் பொறுத்தவரை நம் கணிப்பே தப்பு. 1994ல் வந்த ஓர் ஆய்வில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55க்கும் மேல். அதனால் ஒரு ரிப்போர்ட்டுக்கு மூன்று மணி நேரம் என்று தோன்றினால் ஐந்து என்று காலண்டரில் போடுங்கள்.

பழையசீனியர்:
நேரம் இல்லை என்கிறவர்களின் நேர அட்டவணையை வாங்கிப் பார்த்தால் இரண்டு வகுப்புக்கு நடுவே ஐம்பது நிமிடம் மாதிரி ஓட்டைகள் நிறைய இருக்கும். அந்த ஓட்டைகளில் ஒன்றுக்கு நிரந்தரமாக ஒரு வேலை கொடுங்கள். காலை வகுப்பில் நடந்ததை நோட்டைப் பார்க்காமல் அரைப்பக்கம் எழுதுவது, அது மட்டும். பத்து நிமிடம் ஆகும். மிச்சம் நாற்பது நிமிடம் கேன்டீனில் உட்காருங்கள், யார் வேண்டாம் என்றது? சாயங்காலம் கொஞ்சமாவது காலியாகும். சங்கம், மன்றம், விளையாட்டு என்று எதிலாவது சேர்வதாக இருந்தால் ஒன்றே ஒன்றில் சேருங்கள், அதில் ஒழுங்காகப் போங்கள். முதல் வாரம் உற்சாகத்தில் ஐந்து குழுவில் பெயர் கொடுத்துவிட்டு இரண்டாம் மாதம் ஐந்து வாட்ஸ்அப் குழுவையும் மியூட் செய்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ரெக்கார்ட்நோட்டு:
ஒன்றில் ஒழுங்காகப் போவது என்பதற்கு ஆதரவாக ஒரு கணக்கு நானும் படித்திருக்கிறேன், எண்கணக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். 2018ல் ஜெஃப்ரி ஹால் என்ற பேராசிரியர் பார்த்ததில், வெறும் அறிமுகம் சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நட்பாக மாற 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழித்திருந்தார்கள். வகுப்பில் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் நேரம் இதில் பெரிதாக உதவுவதில்லை. வாரம் மூன்று மணி நேரம் சேர்ந்து கழித்தால் ஒரு செமஸ்டரில் 50ஐத் தொட்டுவிடலாம். அதனால் இரண்டாம் வாரமே "எனக்கு இன்னும் யாரும் செட் ஆகவில்லை" என்று மனசு விட வேண்டாம் தம்பி, கணக்குப்படியே இன்னும் நேரம் ஆகவில்லை. பழைய கும்பலையும் விட்டுவிடாதே, செக்‌ஷன்தான் வேறு, கல்லூரி ஒன்றுதானே.

எண்கணக்கு:
என் வேலைக்கு ஆள் வந்துவிட்டது.

மூன்றாம்பெஞ்ச்:
ஒரு வாரம் போய்விட்டது, வந்து சொல்லலாம் என்று நினைத்தேன். இரண்டு நாள் முன்பக்கம், அப்புறம் ஜன்னல் ஓரம், இப்போது மூன்றாவது பெஞ்சிலேயே தங்கிவிட்டேன் (சும்மாவந்தேன் சிரிக்கட்டும்). ஜன்னல் ஓரத்தில் இருந்தபோது பக்கத்தில் இருந்தவன் லேப் பார்ட்னர் ஆகிவிட்டான், நல்ல பையன், வியாழக்கிழமை சேர்ந்து உட்காருவது என்று பேசியிருக்கிறோம். மூன்றாவது ஆளாக இன்னொருவனை அவனே கூட்டி வந்தான். அங்கேதான் ஒரு சிக்கல். அந்த மூன்றாமவன் முதல் அசைன்மென்ட்டைப் "போட்டோ எடுத்து அனுப்பு, மாற்றி எழுதிக்கொள்கிறேன்" என்கிறான். கொடுத்தால் பழக்கமாகிவிடும், மறுத்தால் ஆரம்பத்திலேயே முறுக்கிக்கொள்வதுபோல ஆகிவிடும். என்ன சொல்வது?

பழையசீனியர்:
கொடுக்காதே. ஒரே மாதிரி இரண்டு தாள் வந்தால் யார் பார்த்து எழுதியது என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள், இரண்டு பேருக்கும் பூஜ்யம்.

வகுப்பறைக்குள்:
ஒத்துக்கொள்கிறேன், நானும் அப்படித்தான் போடுவேன். மாற்றி எழுதியது தெரியாது என்று நினைக்கிறார்கள். விடை சரியாக இருக்கும் தாள்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதைப் பார்த்து நாங்கள் சந்தேகப்படுவதில்லை. ஒரே தப்பு ஒரே வரியில் இரண்டு தாளில் வந்தால்தான் பிடிபடுகிறது.

ரெக்கார்ட்நோட்டு:
மறுப்பதையும் முறுக்கிக்கொள்ளாமல் செய்யலாம். மெசேஜில் மறுக்காதே, மெசேஜில் எதைச் சொன்னாலும் முறைப்பாகத்தான் கேட்கும். நேரில், அவனைத் தனியாகப் பிடித்து, "போட்டோ அனுப்ப மாட்டேன்டா, இரண்டு பேருக்கும் போய்விடும். எந்தக் கேள்வியில் நிற்கிறது சொல், வியாழக்கிழமை முதலில் அதையே எடுப்போம்" என்று சொல். நேர்மை பற்றிப் பிரசங்கம் வேண்டாம். உண்மையிலேயே புரியாமல் கேட்டிருந்தால் வியாழக்கிழமை நோட்டோடு வருவான், நல்ல கூட்டாளியாகக்கூட ஆகலாம். வேறு யாரிடமாவது வாங்கி எழுதிவிட்டான் என்றால் வியாழக்கிழமை வர மாட்டான், நீ எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. அசைன்மென்ட் என்றைக்குக் கொடுக்க வேண்டும்?

மூன்றாம்பெஞ்ச்:
வெள்ளி. அப்போ வியாழன் கூட்டத்தைப் புதனுக்கு மாற்றச் சொல்கிறேன், அவனுக்கும் எழுத ஒரு நாள் கிடைக்கும்.